இரண்டு போவாக் குட்டிகள், ஒரு கண்ணாடித் தொட்டி: சூடு, இருப்பிடம், இரை குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், குளிர் இறங்கத் தொடங்கியிருந்த நவம்பர் மாதத்தில், ஒரு குடும்பம் வாங்கி வந்த இரண்டு போவாப் பாம்புக் குட்டிகளில் ஒன்று தின்ற இரையை இருமுறை கக்கியது; மற்றொன்றின் அடிவயிற்றுச் செதில்கள் பழுப்பேறிச் சிவந்தன. ஒன்றுக்குச் சூடு போதவில்லை, மற்றொன்றுக்குச் சூடு மிஞ்சிவிட்டது. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே ஹீட் மேட் எனும் சூடேற்றும் மின்விரிப்பின் மேல், சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தி விடும் ஒரே தெர்மோஸ்டாட்டின் கட்டுப்பாட்டில் இருந்தவை என்பதுதான் இந்த நிகழ்வை விரித்து எழுதக் காரணம். ஊர்வன வளர்ப்போருக்கு ஆலோசனை கூறும் முறையில் அவ்வீட்டுக்குச் சென்று நான் அளந்தவற்றையும், மாற்றியமைத்தவற்றையும், கால்நடை மருத்துவர் கண்டறிந்தவற்றையும், அடுத்து வந்த மாதங்களில் குட்டிகள் தேறிய விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தின் பெயரும் கடையின் பெயரும் இந்த ஆய்வுக்குத் தேவையற்றவை.

குட்டிகள்

இரண்டும் போவா இம்பரேட்டர் இனத்தைச் சேர்ந்தவை. ஒரே ஈற்றில் பிறந்து, ஏறத்தாழ நான்கு மாத வயதில் கடையிலிருந்து வாங்கப்பட்டவை. மெக்சிகோ தொடங்கி மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியா வரை பரவியிருக்கும் இந்தப் பாம்பு, நெடுங்காலம் போவா கன்ஸ்ட்ரிக்டரின் துணையினமாகவே கருதப்பட்டுவந்தது. அண்மைக் காலத்தில்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. நம்மவர் பலர் இதனை மலைப்பாம்பு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். மலைப்பாம்பு முட்டையிட்டு, அதனைச் சுற்றி அடைகாக்கும். போவாவோ குட்டி போடும். பிறக்கும்போதே 35 முதல் 50 செ.மீ. நீளம் இருக்கும் குட்டிகள், முதல் சட்டையை உரித்தபின் தாமே இரையெடுக்கத் தொடங்கிவிடும். வளர்ந்த பெண் போவா இரண்டு மீட்டரை எட்டுவது இயல்பு; ஆண் சற்றுச் சிறியது. நன்றாகப் பேணினால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். பிலடெல்பியா உயிரியல் பூங்காவில் ஒரு போவா 40 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்து 1977 இல் இறந்தது. ஆகவே, பத்து வயதுப் பிள்ளையின் ஆசைக்காக வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளை தனக்கென ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்ளும் காலத்திலும் உயிரோடு இருக்கும் என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்ப்பது நல்லது. இந்த வீட்டில் அப்படி எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்போர்க்கு ஒரு குறிப்பு. போவா இம்பரேட்டர் உட்படப் பெரும்பாலான போவாக்கள் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இத்தகைய அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கான விதிகள் 2024 இல் வெளியாயின. பிரிட்டனில் போவாவை வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு உகந்த சூழலையும் உணவையும் அளிக்கும் கடமையை வளர்ப்பவர்மீதே சுமத்துகிறது.

வந்த முதல் வாரங்களில் நடந்தவை

கடையில் கொடுத்த அட்டையில் முதற்குட்டியின் எடை 118 கிராம் என்றும், இரண்டாம் குட்டியின் எடை 126 கிராம் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கொரு வளர்ந்த சுண்டெலி என்பது கடையில் வாய்மொழியாகக் கூறப்பட்ட அறிவுரை. குட்டிகள் வீட்டுக்கு வந்த மறுநாளே, இரண்டுக்கும் ஒரே தொட்டிக்குள் சுண்டெலி கொடுக்கப்பட்டது, இரண்டும் விழுங்கின. வீட்டார் மகிழ்ந்தனர். அடுத்த நாள் மாலை, பள்ளியிலிருந்து வந்த பையன் இரண்டையும் கையில் எடுத்துத் தன் நண்பர்களுக்குக் காட்டினான். அதற்கடுத்த நாள் முதற்குட்டி இரையைக் கக்கியது. பசியோடு இருக்குமே என்று கருதி, நான்கு நாள் கழித்து மீண்டும் ஒரு சுண்டெலியைக் கொடுத்தார்கள். அதையும் கக்கியது. ஊறிப்போன ரோமமும், பாதி கரைந்த தோலும், அறையெங்கும் பரவிய அழுகல் நாற்றமுமாக அது கிடந்ததை அந்தப் பையனின் தாய் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அந்தப் படம் ஆய்வுக்குப் பெரிதும் உதவியது. எலியின் தலைப்பகுதி மட்டுமே கரைந்திருந்தது, வயிறு உப்பியிருந்தது. செரிமானம் தொடங்கி நடுவழியில் நின்றுபோனதற்கு அது தெளிவான அடையாளம்.

இதில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. வளர்ந்த சுண்டெலி 25 கிராம் என்று கொண்டால், அது 118 கிராம் குட்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். போவாக் குட்டிக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத இரையே போதும். அதையும் வாரந்தோறும் கொடுக்கத் தேவையில்லை, 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை கொடுத்தாலே செழித்து வளரும். புதிய இடத்துக்கு வந்த பாம்பை, குறைந்தது ஒரு வாரமாவது தொடாமல், இரை காட்டாமல் விட்டுவைக்க வேண்டும். இரை தின்றபின் இரண்டு மூன்று நாளைக்குக் கையில் எடுக்கவே கூடாது. கக்கிய பாம்புக்கு உடனே மறுபடி இரை கொடுப்பது இவை எல்லாவற்றிலும் கேடானது. வெளியே வருவது இரை மட்டுமன்று. இரைப்பையின் அமிலமும் நீரும் உப்புகளும் அதனுடன் போய்விடுகின்றன, உணவுக்குழாயும் புண்படுகிறது. அந்நிலையில் உள்ளே போகும் அடுத்த இரையும் பெரும்பாலும் திரும்பி வரும். சில போவாக் குட்டிகள் பட்டினியால் சாவதில்லை. தொடர்ந்து ஊட்டப்பட்டுத் தொடர்ந்து கக்கியே சாகின்றன.

ஆயினும் இவற்றை மட்டும் திருத்தியிருந்தால் முதற்குட்டி தேறியிருக்காது என்பதே என் கணிப்பு. அதே அளவு இரையைத் தின்று, அதே பையனின் கையில் கிடந்த இரண்டாம் குட்டி கக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

தொட்டியை அளந்தபோது

தொட்டி 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்டது, நான்கு புறமும் கண்ணாடி, மேலே கம்பிவலை மூடி. அடிக்கண்ணாடியின் வெளிப்புறத்தில், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும் அளவுக்கு ஹீட் மேட் ஒட்டப்பட்டிருந்தது. தரையில் ஏழெட்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஆர்க்கிட் மரப்பட்டைத் துண்டுகள் பரப்பப்பட்டிருந்தன. நடுவில் பிளவுபட்ட ஒரு மரக்கட்டை. குளிர்ந்த மூலையில் கனமான தண்ணீர்க் கிண்ணம். பக்கக் கண்ணாடியின் மேற்பாதியில் முள் காட்டும் வட்ட வெப்பமானி ஒன்று ஒட்டியிருந்தது. தெர்மோஸ்டாட்டும் இருந்தது, அதன் உணர்முனை தொட்டியின் நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

வட்ட வெப்பமானி 24 பாகை செல்சியஸ் காட்டியது. அதைக் கண்டு சூடு போதவில்லை என்று முடிவு செய்த வீட்டார், தெர்மோஸ்டாட்டை 30 இலிருந்து 32 பாகைக்கு ஏற்றியிருந்தார்கள்.

மரப்பட்டையின் மேற்பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டியபோது, ஹீட் மேட் உள்ள பக்கத்தில் 27 பாகையும், எதிர்ப்பக்கத்தில் 20.5 பாகையும் பதிவாயின. நடுக்காற்று 23. பின்னர் மேட்டுக்கு நேர்மேலே உள்ள மரப்பட்டையை விரலால் விலக்கிக் கண்ணாடி தெரியும்வரை தோண்டினேன். அங்கே பட்டைத் துண்டுகள் வறண்டு நிறம் வெளுத்திருந்தன; பாம்பு சுருண்டு கிடந்த குழி வட்டமாகப் பதிந்திருந்தது. வெப்பமானியின் சிவப்புப் புள்ளி கண்ணாடியில் விழுந்ததும் எண் 44.1 என்று மாறியது. அளந்து முடித்த சிறிது நேரத்துக்கெல்லாம் இரண்டாம் குட்டி அதே குழிக்கு ஊர்ந்து வந்து, முகத்தை மட்டும் வெளியே நீட்டி, நாக்கை இரண்டு முறை துழாவிவிட்டு உடலைக் கண்ணாடியோடு பொருத்திக்கொண்டது.

இதன் இயக்கம் எளிமையானது. ஆனால் பலர் சறுக்கும் இடம் இதுவே. ஹீட் மேட் தன்னைத் தொட்டிருக்கும் பரப்பைத்தான் சூடாக்கும். காற்றைச் சூடாக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. காற்றில் தொங்கும் உணர்முனை 32 பாகை வரும்வரை மின்சாரத்தை நிறுத்தாதே என்று தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்கிறது. பர்மிங்காமின் நவம்பர் இரவில், வலை மூடியிட்ட கண்ணாடித் தொட்டிக்குள், அந்தக் காற்று ஒருபோதும் 32 பாகையை எட்டப்போவதில்லை. எனவே மேட் இரவும் பகலும் ஓயாமல் எரிந்தது. அதன்மேல் தடிமனாகப் பரப்பிய மரப்பட்டையோ சூட்டை மேலே ஏற விடாமல் கண்ணாடியிலேயே தேக்கியது. விளைவாக, பரப்புக்கு மேலே குளிரும் பரப்புக்குக் கீழே கொதிப்புமாக இரண்டு உலகங்கள் அமைந்துவிட்டன. நடுவே பாம்பு தங்கிச் செரிப்பதற்கேற்ற 30 பாகைப் பரப்பு என்று ஓர் இடம்கூட இல்லை. தெர்மோஸ்டாட்டை ஏற்றியதால் எதுவும் மாறவில்லை. அது ஏற்கெனவே முழுவீச்சில்தான் இயங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் குட்டி தோண்டும் இயல்புடையதாக இருந்தது. சூட்டைத் தேடிக் கீழே போய் வெந்தது. சூடு மிஞ்சினால் பாம்பு தானே விலகிக்கொள்ளும் என்று நம்புவது தவறு. சுற்றிலும் குளிராக இருக்கையில், இருக்கும் ஒரே சூடான இடத்தை விட்டு அது அகலுவதில்லை. அடிவயிறு மெல்ல மெல்ல வெந்துகொண்டே போகும். முதற்குட்டி கூச்ச இயல்புடையது. ஒளியத் தகுந்த இடம் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் மட்டுமே இருந்தமையால், அது 20 பாகையிலேயே கிடந்தது. நான் விட்டுவந்த பதிவுக் கருவியில், இரவில் அந்த மூலை 18 பாகைக்கு இறங்கியது தெரிந்தது. பாம்பின் செரிமானம் உடல் வெப்பத்தைச் சார்ந்தது. வயிற்றுக்குள் எலி கிடக்க, உடல் 20 பாகையிலேயே இருந்தால், செரிமானச் சுரப்புகள் வேலை செய்யுமுன் அழுகல் முந்திக்கொள்கிறது; வாயு திரண்டு, உடல் அதனை வெளியே தள்ளிவிடுகிறது. படத்தில் கண்ட உப்பிய வயிற்றின் விளக்கம் அதுவே.

ஈரப்பதம் 34 விழுக்காடு. போவாவுக்கு 60 முதல் 70 விழுக்காடு வேண்டும். வீட்டின் மைய வெப்பமூட்டல் காற்றை உலர்த்த, வலை மூடி எஞ்சிய ஈரத்தையும் வெளியேற்றியிருந்தது. தொட்டியின் மூலையில் துண்டு துண்டாக உரிந்த சட்டை கிடந்தது. ஆரோக்கியமான பாம்பின் சட்டை மூக்குநுனி தொடங்கி வால்நுனி வரை ஒரே உறையாகக் கழன்று வர வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை

கக்கும் போவா என்றவுடன் சூட்டை மட்டும் குறை கூறிவிட்டு நகர்ந்துவிட முடியாது. உயிரணுக்களுக்குள் உள்ளடக்கப் பொருள்கள் எனும் புரதத் திரள்கள் சேர்ந்து போவாக்களை வாட்டும் உள்ளடக்கப் பொருள் நோய், சுருக்கமாக ஐ.பி.டி., முதலில் காட்டும் அறிகுறிகளில் ஒன்று இரையைக் கக்குவதே. பின்னர் எடை குறையும். சிலவற்றில் தலை நிலைகொள்ளாமல் வானைப் பார்த்தபடி திரும்பிக்கொள்ளும். பல்லாண்டுகளாகக் காரணம் அறியப்படாதிருந்த இந்நோயுடன் அரீனா வைரஸ் வகை ஒன்று தொடர்புடையது என்பதை, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்டனர். அதுவரை பாலூட்டிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த வைரஸ் குடும்பம் அது. மலைப்பாம்புகள் இந்நோயால் விரைவில் நரம்புத் தளர்ச்சி அடைகின்றன. போவாக்களோ ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் வைரஸைச் சுமந்திருக்கக்கூடும். பாம்புகளின்மேல் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணிப்பூச்சி நோயைப் பரப்புவதாகவும் ஐயம் உண்டு. ஆகவே குட்டிகளை ஊர்வன மருத்துவத்தில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன்.

எடை பார்த்தபோது முதற்குட்டி 97 கிராமாகவும், இரண்டாம் குட்டி 121 கிராமாகவும் இருந்தன. முதற்குட்டியின் முதுகெலும்பு தடவினால் தெரிந்தது. விலாப்புறத் தோல் மடிந்து கிடந்தது. இரண்டாம் குட்டியின் அடிவயிற்றில் நான்கு செதில்கள் பழுப்பு நிறமாகி, விளிம்பில் நீர் கோத்திருந்தன. மேலோட்டமான சுடுபுண் என்று மருத்துவர் மதிப்பிட்டு, சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு கொடுத்து, புண் ஆறும்வரை தரையில் வெறும் காகிதம் மட்டுமே விரிக்கச் சொன்னார். மலப் பரிசோதனையில் புழுக்கள் இல்லை. இரத்தப் பூச்சில் உள்ளடக்கப் பொருள்கள் தென்படவில்லை; பி.சி.ஆர். சோதனையிலும் வைரஸ் காணப்படவில்லை. இரண்டு குட்டிகளுக்கும் ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு சோதனையை வைத்து இந்நோயை முற்றாக மறுத்துவிட இயலாது.

குட்டிகளைப் பிரித்து வைப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். வேறு காரணங்களும் உண்டு. ஒன்றாக வைத்தால் எது கக்கியது, எது மலங்கழித்தது, எது தின்னவில்லை என்று தெரியாது. சூடான இடத்தை வலுவானது பிடித்துக்கொள்ளும். ஒரே எலியின் இரு முனைகளை இரண்டும் பற்றிக்கொண்டால், ஒன்று மற்றொன்றை விழுங்க முயல்வதும் நேர்ந்ததுண்டு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடந்ததை அந்தப் பையன் பாசமாகவே பார்த்தான். உண்மையில் அது, போதாத இடத்துக்காக இரண்டும் போட்டியிட்ட கோலம்.

மாற்றியமைத்த இருப்பிடம்

கண்ணாடித் தொட்டியைத் திருத்திப் பயன்படுத்தலாமா என்று வீட்டார் கேட்டனர். மேலே வலையை மறைத்து, பக்கங்களில் காப்புப் பலகை ஒட்டி, அதைச் சீர்செய்ய முடியும். ஆனால் குளிர் நாட்டில் பலகையால் செய்து முன்புறம் நகரும் கண்ணாடி வைத்த விவேரியமே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பலகை சூட்டைப் பிடித்து வைக்கும், மூன்று புறமும் மறைப்பாக இருப்பதால் பாம்புக்கு அச்சம் குறையும், மின்செலவும் கட்டுக்குள் வரும். ஒரே அளவுள்ள இரண்டு விவேரியங்கள் வாங்கப்பட்டன. ஒவ்வொன்றும் 90 செ.மீ. நீளம். இது குட்டிப் பருவத்துக்கு மட்டுமே. வளர்ந்த போவாவுக்குக் குறைந்தது 180 செ.மீ. நீளம் வேண்டும் என்பேன். பாம்பு தன் உடலை முழுதாக நீட்டிக்கொள்ள முடியாத பெட்டியை இருப்பிடம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒவ்வொரு விவேரியத்தின் கூரையிலும் ஓர் ஓரமாக 100 வாட் செராமிக் ஹீட்டர் பொருத்தப்பட்டு, அதனைச் சுற்றிக் கம்பிக்கூடு திருகப்பட்டது. செராமிக் ஹீட்டர் ஒளி தராது, சூடு மட்டுமே தரும். தொட்ட நொடியில் தோல் வெந்துவிடும் அளவுக்கு அதன் மேற்பரப்பு கொதிக்கும். போவாக் குட்டி கிளையேறும் இயல்புடையது, கூரையிலிருக்கும் எதையும் சுற்றிக்கொள்ளும்; ஆகையால் கம்பிக்கூட்டை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. இத்தகைய ஹீட்டருக்கு மின்சாரத்தைத் துடிப்புகளாகக் கொடுக்கும் பல்ஸ் வகைத் தெர்மோஸ்டாட் பொருத்தமானது. முழுதாக எரித்து முழுதாக அணைக்கும் எளிய வகை ஹீட் மேட்டுக்குப் போதும். ஒளி தரும் பல்புக்கு மெல்ல ஏற்றி இறக்கும் டிம்மர் வகை வேண்டும்.

உணர்முனையை எங்கே வைப்பது என்பதில் அதிக நேரம் செலவிட்டோம். ஹீட்டருக்குக் கீழே, பாம்பு படுக்கும்போது அதன் முதுகு இருக்கும் உயரத்தில், பாம்பு தள்ளிவிட முடியாதபடி சுவரில் பிடிப்பிட்டு அது நிறுத்தப்பட்டது. தெர்மோஸ்டாட்டின் முகப்பில் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், தனியே ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் முனைகளைச் சூடான தரையிலும் குளிர்ந்த தரையிலும் வைத்து, நாளின் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் குறிக்கச் செய்தோம். குட்டிகளை உள்ளே விடுமுன், விவேரியங்கள் வெறுமையாகவே சில நாள் இயங்கின. சூடான பரப்பு 32 பாகை, குளிர்ந்த பக்கம் 26 பாகை, இரவில் எந்த இடமும் 24 பாகைக்குக் கீழே போகாத நிலை என்று அமைந்தபின்னரே குட்டிகள் மாற்றப்பட்டன. உடல்நலம் சீராக இருக்கும் போவாவுக்கு இரவில் சற்றே குளிர விடலாம். தேறிவரும் குட்டிக்கு அது வேண்டாம்.

ஒளியும் இடங்கள் ஒரே அளவில் இரண்டு, ஒன்று சூடான பக்கத்தில், மற்றொன்று குளிர்ந்த பக்கத்தில். இது சிறிய செய்தியாகத் தோன்றும். முதற்குட்டியின் நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒளிய ஓர் இடம் மட்டுமே இருந்தால், கூச்சமுள்ள பாம்பு தனக்கு வேண்டிய சூட்டையும் விட்டுக்கொடுத்து மறைவையே தேர்ந்துகொள்ளும். உடல் இரு புறமும் சுவரில் உரசும் அளவுக்கு அந்த மறைவிடம் இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவே, ஈரமான ஸ்பேக்னம் பாசி நிரப்பிய மூடிய டப்பா ஒன்று சட்டை உரிக்கும் காலத்துக்கென வைக்கப்பட்டது. முதற்குட்டிக்குத் தென்னைநார்த் தூளும் மரப்பட்டையும் கலந்த தரை. இரண்டாம் குட்டிக்குப் புண் ஆறும்வரை சமையலறைக் காகிதம். தொட்டிகளைத் துடைக்கும் துணியும் இடுக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனி.

முன்கண்ணாடிக்குப் பூட்டு வாங்க வீட்டார் முதலில் தயங்கினர். போவா தப்புவது அரிதன்று. அமெரிக்காவின் மயாமி அருகேயுள்ள டீரிங் எஸ்டேட்டில் போவாக்கள் காட்டில் பெருகி வாழ்கின்றன. கரீபியக் கடலின் அரூபா தீவில் 1999 இல் முதன்முதலாகத் தென்பட்ட போவா பின்னர் தீவெங்கும் பரவியது. பர்மிங்காமில் தப்பும் போவா அப்படிப் பெருகாது, குளிரில் விறைத்துச் சாகும். நகரும் கண்ணாடியை மூக்கால் நெம்பித் திறக்கப் போவாவுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று சொன்னபின் பூட்டு வாங்கினார்கள்.

இரை

முதற்குட்டிக்கு இரண்டு வாரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. மெலிந்து கிடக்கும் குட்டியைப் பட்டினி போடுவதா என்று அந்தத் தாய் வருந்தியது நியாயமே; பாலூட்டிகளை வளர்த்துப் பழகியவர்க்கு இதை ஏற்பது கடினம். ஆனால் போவா தன் உடலை அடக்கிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க வல்லது. இரைப்பைக்கு வேண்டியிருந்தது ஓய்வும் 30 பாகைச் சூடும்தான்.

பிரிட்டனில் உறைய வைத்த எலிகளே வழக்கமான இரை. உயிருள்ள எலியைக் கொடுப்பது எலிக்கும் துன்பம், பாம்புக்கும் இடர். மூலையில் மாட்டிய எலி பாம்பின் முதுகைக் குதறிவிடுவதுண்டு. உறைந்த எலியை முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைத்து இளக விட்டு, கொடுக்குமுன் நெகிழிப் பையிலிட்டுச் சுடுநீரில் அமிழ்த்தி, உள்ளே குளிர்ச்சி இல்லாதவாறு சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு கூடாது; வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், அல்லது வெடிக்கும். போவாவின் உதட்டில் மலைப்பாம்புக்கு இருப்பதுபோன்ற குழிகள் இல்லாவிட்டாலும், உதட்டுச் செதில்களுக்கு அடியில் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. ஆகவே எலியின் தலைப்பகுதியை மட்டும் இன்னும் சற்றுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்டினால், அது தலையையே குறிவைத்துப் பிடிக்கும். தலைவழியாக விழுங்குவது எளிது.

எலி கையாளுவதில் மனிதர்க்குள்ள இடரையும் சொல்லியாக வேண்டும். உறைந்த தீனி எலிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று 2015 முதல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோரைப் பாதித்திருக்கிறது. உறைநிலை அந்தக் கிருமியைக் கொல்லாது. எலிக்கென்று தனிப் பாத்திரம், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல், சமையல் மேடையில் எலியை வைக்காதிருத்தல் ஆகிய மூன்றையும் வீட்டார் தயக்கமின்றி ஏற்றனர்.

இரண்டு வாரத்துக்குப் பின் முதற்குட்டிக்கு 5 கிராம் எடையுள்ள, ரோமம் முளைக்கத் தொடங்கிய எலிக்குஞ்சு காட்டப்பட்டது. அது முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. வற்புறுத்தாமல் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, விளக்கணைத்தபின், மறைவிடத்தின் வாயிலிலேயே காட்டியபோது பாய்ந்து பிடித்தது. பிடித்தபின் வழக்கம்போல் வளைத்து இறுக்கி, சிறிது நேரத்திலேயே பிடியைத் தளர்த்தி விழுங்கியது. இறுக்கியது போதவில்லையோ என்று பையன் கேட்டான். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள், இறந்த எலிகளுக்குள் செயற்கை இதயத்துடிப்பை வைத்துப் போவாக்களுக்குக் கொடுத்துப் பார்த்து, துடிப்பு இருக்கும்வரை பாம்பு நெடுநேரம் இறுக்குவதையும் துடிப்பு இல்லாதபோது விரைவில் விட்டுவிடுவதையும் 2012 இல் காட்டினார்கள். உறைந்து இளகிய எலியை விரைவில் தளர்த்துவது ஆகவே குறையன்று.

அந்த எலிக்குஞ்சு கக்கப்படவில்லை. ஒன்பதாம் நாள் மலம் வந்தது. பாம்பின் சிறுநீர்க் கழிவான வெண்மையான யூரேட் கட்டியும் உடன் இருந்தது. அந்தச் செய்தியை அந்தத் தாய் படத்துடன் அனுப்பினார். பாம்பு மலத்தைப் பார்த்து மகிழும் தொழில் என்னுடையது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே அளவுள்ள எலிக்குஞ்சையே மூன்று தடவை கொடுத்தபின்னரே சற்றுப் பெரிய இரைக்கு மாறினோம். எடை கூட வேண்டும் என்ற அவசரத்தில் அளவை ஏற்றுவதே மறுபடி கக்க வைக்கும். இரண்டாம் குட்டி, புதிய இடத்தில் பத்து நாள் இருந்தபின், 9 கிராம் எலியை முதல் முறையிலேயே எடுத்தது.

அடுத்த மாதங்கள்

ஜனவரியில் இரண்டாம் குட்டி சட்டை உரித்தபோது, வெந்த செதில்களின் அடியில் புதிய செதில்கள் சற்றே ஒழுங்கற்று வந்திருந்தன. அந்தத் தழும்பு இனி இருக்கும், தீங்கு செய்யாது. முதற்குட்டி பிப்ரவரியில் ஈரப் பாசி டப்பாவுக்குள் புகுந்து, முழுச் சட்டையை ஒரே உறையாகக் கழற்றியது. ஜனவரிக் கடுங்குளிரில் ஒரு நாள் மின்தடை ஏற்பட்டபோது, விவேரியங்களைப் போர்வையால் மூடி, சுடுநீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து வீட்டாரே சமாளித்தனர். அடுத்துக் கொடுக்க வேண்டிய இரையையும் தாமாகவே ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

ஏப்ரலில் முதற்குட்டி 131 கிராம், இரண்டாம் குட்டி 158 கிராம். இனி இரண்டையும் ஒரே பெரிய விவேரியத்தில் விடலாமா என்று பையன் கேட்டான். கூடாது என்று சொல்லிவிட்டேன். வளர்ந்த போவாக்கள் இரண்டுக்குத் தனித்தனியே 180 செ.மீ. பெட்டி வைக்க அந்த வீட்டில் இடமில்லை என்பதை அவன் தாய் அளவு நாடாவோடு அறையைச் சுற்றிவந்து தானே உறுதிசெய்துகொண்டார். இரண்டாம் பி.சி.ஆர். சோதனையிலும் வைரஸ் இல்லையென்று வந்தால், முதற்குட்டி இங்கேயே இருக்கும். இரண்டாம் குட்டி, ஏற்கெனவே ஒரு போவாவை வளர்த்துப் பழகிய அவருடைய உறவினர் வீட்டுக்குப் போகும். அங்கேயும் மூன்று மாதம் தனி அறையில் வைக்க வேண்டும் என்பதையும், தெர்மோஸ்டாட்டின் உணர்முனை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.